கௌபியும் உம்மும்மாவின் பால்மா டின்னும்



போன கிழமை ஒன்பதாம் தரப் பிள்ளைகளிடம் மாத்தளை மாவட்டத்தின் பாரம்பரிய உணவுகளை எழுதச் சொன்னோம். பாதிப் பேர் குரக்கனோடு கௌபியையும் சேர்த்து, "அரசர் காலத்து உணவு" என்று எழுதியிருந்தார்கள். பிழை போடப் பேனையை எடுத்துவிட்டு, பிறகு கீழே வைத்துவிட்டோம். பிள்ளைகள் எழுதியதில் பாதி சரிதான்.

பயிர் பழையது. ஆபிரிக்காவில் தோன்றி, மூவாயிரம் வருடங்களுக்கு முன்பே இந்தியாவுக்கு வந்துவிட்டது. தமிழ்நாட்டில் அதைக் காராமணி, தட்டைப்பயறு என்பார்கள். எங்கள் சிங்கள அயலவர்களுக்கு அது 'மே'. நாம் கறி வைக்கும் பயற்றங்காயும் அதே இனம்தான். கலேவலை, நாவுல, தம்புள்ளைப் பக்கத்துச் சேனைகளில் குரக்கன், எள்ளு, கொள்ளு, பாசிப்பயறு எல்லாவற்றுடனும் கலந்து இதையும் விதைத்தார்கள். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் லண்டனில் வெளிவந்த தன் நூலில் பாசிப்பயற்றை 'முங்' என்ற சிங்களப் பெயராலேயே குறித்திருக்கிறார்.

ஆனால் 'கௌபி' என்ற பெயர் ஆங்கிலம். மாட்டுப் பயறு என்று பொருள்! அந்தப் பெயர் நம் நாவில் ஊன்றியது 1970களில். சிறிமாவோ அம்மையாரின் அரசிடம் அந்நியச் செலாவணி இல்லை. பருப்பு, மிளகாய், வெங்காயம் என்று ஒவ்வொன்றின் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்தது. பருப்பின் இடத்துக்கு அரசு முன்னிறுத்தியது கௌபியை. மூஸா நபியின் கூட்டத்தார் பருப்பும் வெங்காயமும் கேட்டு முறையிட்டதை சூரதுல் பகராவில் ஓதும்போதெல்லாம் வாப்பா அந்தக் காலத்தைச் சொல்லிச் சிரிப்பார். கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்ற கால் வலி அந்தச் சிரிப்பில் இருக்கும்.

1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. மைசூர் பருப்பு திரும்பி வந்தது. மைசூருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'மசூர்' என்ற பெயர்தான் அப்படித் திரிந்தது. இன்று நாம் வாங்குவதில் பெரும்பகுதி கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் விளைந்தது. ஊறவைக்காமலே இருபது நிமிடத்தில் வெந்துவிடும். கௌபிக்கு ஒரு இரவு ஊறலும் ஒரு கட்டு விறகும் வேண்டும். எந்த உம்மாவும் எதைத் தெரிவு செய்வார் என்று சொல்லத் தேவையில்லை. கௌபி 'பஞ்சகாலச் சாப்பாடு' ஆகிவிட்டது. விருந்தாளி வந்தால் சட்டியை மூடிவைப்போம்.

சேனையும் மாறியது. 1976இல் பொல்கொல்லையில் மறித்த மகாவலி நீர் சுரங்கம் வழியாக உக்குவளைக்கு வந்து, சுது கங்கையில் இறங்கி, போவத்தென்ன தாண்டி வடக்கே போனது. நீர் போன பக்கம் நெல் வந்தது. பிறகு தம்புள்ளையும் கலேவலையும் பெரிய வெங்காயத்துக்குப் பெயர் பெற்றன. கௌபி போட்டவர்களும் மஹ இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தின் எம்.ஐ. 35, வருணி, தவள போன்ற இனங்களுக்கு மாறினார்கள். குறைந்த நாளில், நல்ல விளைச்சல். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். பழைய கொடியில் இன்று நாலு காய், நாளை நாலு காய் என்று வாரக்கணக்கில் பறிக்க வேண்டும். அதற்கு வீட்டில் ஆள் வேண்டுமே.

உம்மும்மாவிடம் அந்தப் பழைய இனம் இருந்தது. சிறியது, செங்கபில நிறம், கண் கறுப்பு. வண்டு பிடிக்காமல் அடுப்புச் சாம்பல் கலந்து, பால்மா டின்னில் அடைத்து, அடுப்புக்கு மேலே புகை படும் பரணில் வைப்பார். சமையலில் அவருக்கு ஒரே சட்டம்: நன்றாக வெந்து தோல் இளகும் வரை கொறுக்காய்ப்புளி போடக்கூடாது. புளி முந்தினால் எத்தனை மணி நேரம் எரித்தாலும் தோல் இளகாது. காலையில் உப்புப் போட்டு அவித்து, தேங்காய்ப்பூவும் கட்டைச் சம்பலும் வைத்துத் தருவார். பகலுக்கு ரம்பையும் கறிவேப்பிலையும் போட்டுத் தேங்காய்ப்பால் கறி.

2020இல் உழுந்து, பயறு, கௌபி இறக்குமதியை மீண்டும் நிறுத்தினார்கள். 2022இல் பருப்பு விலை கைக்கெட்டாமல் போனது. கேஸும் இல்லை. விறகடுப்பு மூட்டிய ஒரு நாள், பரணில் இருந்த டின்னை இறக்கினோம். உம்மும்மா மௌத்தாகி அப்போது மூன்று வருடம். முக்கால் டின் இருந்தது. கழுவி, ஊறவைத்து, அவித்து, பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். நாலு மணி நேரம் வெந்தது. நல்ல ருசி. விதைக்கென்று வைத்தது அது என்பது டின்னைக் கழுவும்போதுதான் நினைவுக்கு வந்தது.

பிறகு தேடினோம். தம்புள்ளைச் சந்தையில் கிடைப்பதெல்லாம் பெரிய பருப்புள்ள புதிய இனங்கள். கன்னொறுவையில் உள்ள தாவர மரபணு வள நிலையத்தில் பழைய விதைகளைக் குளிரில் பாதுகாக்கிறார்கள். எங்களுடையது போல ஒன்று அங்கே இருக்குமா என்று விடுமுறையில் போய்க் கேட்க இருக்கிறோம்.

அதற்கு முன் உங்களிடம் ஒரு கேள்வி. கலேவலை, நாவுல, வில்கமுவப் பக்கம் யாருடைய வீட்டிலாவது சிறிய, செங்கபில நிற, கறுப்புக் கண் கௌபி இருக்கிறதா? ஒரு பிடி போதும். இருந்தால் கீழே எழுதுங்கள். தயவுசெய்து அவித்துவிடாதீர்கள்.