சிறுவர் மட்டும் நுழையும் வாசல்

நூறு ஆண்டுகளில் எமது பாடசாலையிலிருந்து வெளியேறிய மாணவியரில் எத்தனையோ பேர் ஆசிரியைகளானோம். அவர்களுள் பாலர் கல்வியைத் தெரிவு செய்தவர்கள் எல்லோரும் ஒரு கேள்வியைச் சந்தித்திருப்போம்: "சின்னப் பிள்ளைகளோடு விளையாடுவதற்கும் ஒரு படிப்பா?" அக்கேள்விக்கு விடை தரும் ஒரு வரலாற்றை இம்மலரில் பதிய விரும்புகிறேன். அது நிகழ்ந்த இடம் பாடசாலை அன்று. நியூயோர்க் நகரின் ஒரு கலைக்கூடம்.

அந்நகரின் நவீன கலை அரும்பொருட்காட்சியகம் 1929இல் திறக்கப்பட்டது. 1937இல் விக்டர் டமிக்கோ என்ற சித்திர ஆசிரியர் அங்கே கல்விப் பணிகளைத் தொடங்கினார். 1942இல் அவர் சிறுவர்களுக்கென ஒரு கலைத் திருவிழாவை ஏற்பாடு செய்தார். 4 வயது முதல் 12 வயது வரையான பிள்ளைகளுக்கு மட்டுமே அங்கு இடமிருந்தது. பிற்காலத்தில் அதன் நுழைவாயில் இரண்டு உருவக் கோடுகளாய் அமைந்தது. ஒன்று 4 வயதுப் பிள்ளையின் அளவு, மற்றையது 12 வயதுப் பிள்ளையின் அளவு. பெற்றோர் வெளியே நிற்க வேண்டும்.

உள்ளே முதலில் மங்கிய ஒளியில் ஓர் அறை. நிறங்களையும் வடிவங்களையும் தாமே அசைத்து, மாற்றி, அடுக்கிப் பார்ப்பதற்கான விளையாட்டுப் பொருட்கள் அங்கிருந்தன. அதற்கு அடுத்த அறையில் வர்ணங்கள், தூரிகைகள், வெட்டி ஒட்டுவதற்கான காகிதங்கள். ஆசிரியர்கள் அருகில் இருந்தார்கள். ஆனால் பார்த்து வரைவதற்கு மாதிரிப் படம் கொடுக்கவில்லை. கோட்டுப் படத்துக்கு நிறம் தீட்டும் புத்தகங்களை டமிக்கோ கடுமையாக எதிர்த்தார். பிறர் போட்ட கோட்டுக்குள் நிறம் நிரப்பப் பழகிய பிள்ளை, தன் கண்ணையும் கையையும் நம்பாமற் போகும் என்பது அவர் கருத்து.

இதை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு ஒரு சிறுமியின் நினைவு வந்தது. நான் புதிதாகப் படிப்பிக்கத் தொடங்கிய காலம். அவள் யானைக்குப் பச்சை நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். நான் கையைப் பிடித்துத் திருத்தினேன். அதன் பிறகு அந்த வருடம் முழுவதும், "ரீச்சர், இதுக்கு என்ன நிறம்?" என்று கேட்காமல் அவள் ஒரு கோடுகூடப் போடவில்லை. அவளுடைய அப்பியாசப் புத்தகம் துப்புரவாக இருந்தது. நானும் அதை நல்ல வேலை என்றே எண்ணினேன்.

நியூயோர்க் கலைக்கூடத்தின் இப்பணியில் பெண்களின் பங்கு பெரிது. அங்கு கற்பித்த ஜேன் கூப்பர் பிளான்ட், 3 முதல் 5 வயது வரையான பிள்ளைகளின் கலை பற்றி ஒரு நூல் எழுதினார். அதை 1957இல் அக்கலைக்கூடமே வெளியிட்டது. வகுப்பறையில் கண்டதை எழுத்தில் வைத்து, பாலர் கல்வியையும் ஓர் அறிவுத்துறையாக மதிக்கச் செய்தவர்களுள் அவரும் ஒருவர். திருவிழாவும் நாடு கடந்து பயணித்தது. 1957இல் மிலான், பார்சிலோனா, 1958இல் பிரசெல்ஸ் உலகக் கண்காட்சி, 1963இல் இந்தியா என்று சென்றது.

எனினும், இந்த வரலாற்றில் என்னை அதிகம் கவர்ந்தவர் பெற்றி பிளேற்றன். 1937இல் பிறந்த கறுப்பினப் பெண். வேர்ஜீனியா மாநிலத்தில் வளர்ந்தவர். அவர் கற்க விரும்பிய துறைக்கு அம்மாநிலத்தின் வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் அவரைச் சேர்க்கவில்லை. அதற்குப் பதிலாக, வெளி மாநிலத்தில் படிக்கப் பணம் கொடுத்து அனுப்பிவிட்டது அரசு. தகுதி இருந்தும் வாசல் மூடப்படுவது என்னவென்று எம்மில் பலருக்கு விளக்கத் தேவையில்லை. அவர் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் 1959இல் நுண்கலைப் பட்டம் பெற்று, ஓராண்டு கரீபியன் தீவொன்றில் படிப்பித்து, பின் நியூயோர்க் வந்தார்.

கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் இளைஞர்களுக்குக் கலை கற்பித்தார். 1968இல் அங்கே திறக்கப்பட்ட ஸ்டூடியோ மியூசியத்தின் நிறுவுநர்களுள் அவரும் ஒருவர். அடுத்த ஆண்டு, நவீன கலை அரும்பொருட்காட்சியகத்தின் சிறுவர் கலைத் திருவிழா ஹார்லெமுக்கு வந்தபோது, அதைப் பொறுப்பேற்றார். பிள்ளைகள் கலைக்கூடத்தைத் தேடிப் போன நிலை மாறி, அது பிள்ளைகளின் தெருவுக்கே வந்தது. விடுமுறைக் கால நிகழ்ச்சியாய்ப் பிறந்தது, சில ஆண்டுகளில் தனி நிறுவனமாக வளர்ந்து, வருடம் முழுவதும் இயங்கியது. 1998 வரை, ஏறத்தாழ 30 ஆண்டுகள், அதை நடத்தினார். தம் ஓவியப் பணியையும் அவர் கைவிடவில்லை. 2016இல் காலமானார்.

அவருக்கு இப்படியொரு தொழில் ஆயத்தமாக எங்கும் காத்திருக்கவில்லை. ஓவியரின் பயிற்சி, ஆசிரியையின் பொறுமை, ஓர் ஊரின் தேவை ஆகிய மூன்றையும் சேர்த்துத் தாமே அதை உருவாக்கினார். பாலர் கல்விக்கு வரும் எமது இளைய சகோதரிகள் இதை மனதில் வைக்கலாம். முன்பள்ளி வகுப்பறை மட்டுமே அவர்களின் பணியிடம் அன்று. நூலகம், அரும்பொருட்காட்சியகம், ஓவியக் கூடம் எல்லாம் பிள்ளைகளை அறிந்த ஒருவருக்காகக் காத்திருக்கும் இடங்களே.

உலகெங்கும் வாழும் பழைய மாணவியரிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் வாழும் நகரில் ஒரு கலைக்கூடம் இருக்கும். அங்கே பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்று ஒரு நாள் பேரப்பிள்ளையோடு போய்ப் பாருங்கள். கண்டதை எமது இளைய ஆசிரியைகளுக்கு எழுதுங்கள். பிள்ளை பச்சை யானை வரைந்தால், தயவுசெய்து கையைப் பிடிக்காதீர்கள். அந்த யானை எங்கே போகிறது என்று மட்டும் கேளுங்கள். நான் அன்று கேட்கத் தவறிய கேள்வி அது.