இரைப்பை அமிலமும் இருபது மில்லிகிராமும்

இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலமே என்று லண்டன் வைத்தியர் வில்லியம் ப்ரௌட் 1823-ஆம் ஆண்டு ராயல் சொஸைட்டிக்கு அறிவித்த காலத்தில், அதை அடக்குவதற்கு வைத்தியர்கள் கையில் இருந்தவை சீமைச் சுண்ணாம்பும் சோடா உப்பும் மக்னீஷியாவுமே. கரண்டியே அவற்றுக்கு அளவுகோல். வாட்டர்லூ யுத்தத்தில் ஒரு காலை இழந்த ஆங்கிள்ஸி பிரபு, அயர்லாந்தின் ராஜப் பிரதிநிதியாக இருந்தபோது வயிற்று உபாதையால் துன்புற, ஜேம்ஸ் மரே என்ற வைத்தியர் நரநரவென்ற மக்னீஷியாப் பொடியைத் திரவமாக்கி அவருக்குக் கொடுத்துக் குணப்படுத்தினார். அது நிகழ்ந்தது 1829-ஆம் ஆண்டை ஒட்டி. 1873-இல் அமெரிக்காவில் சார்லஸ் பிலிப்ஸ் மக்னீஷியாவை வெண்பால் போன்ற குழம்பாக்கிக் காப்புரிமை பெற்றார். மருந்து அதேதான், மாறியது வடிவம் மட்டுமே.

காரத்தைக் கொண்டு அமிலத்தை முறிக்கும் இந்த உபாயம் எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சிகாகோ வைத்தியர் பெர்ட்ரம் சிப்பி 1915-இல் வகுத்த சிகிச்சையில் காணலாம். வயிற்றுப்புண் நோயாளி பகலெல்லாம் மணிக்கொரு முறை பாலும் பாலேடும் கலந்து அருந்தவேண்டும். நடுவே காரப்பொடிகளையும் விழுங்கவேண்டும். அத்தனை காரமும் இரத்தத்தில் ஏறியதால் சிலருக்குத் தலைவலியும் வாந்தியும் சிறுநீரகக் கோளாறும் உண்டாயின என்று 1923-இல் ஹார்ட், ரிவர்ஸ் என்னும் இரு வைத்தியர்கள் எடுத்துக்காட்டினார்கள். ஆயினும் பால் சிகிச்சை அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நடந்துகொண்டேயிருந்தது. மருத்துவத்தில் பழக்கம் எளிதில் விட்டுப்போவதில்லை.

சுரந்த அமிலத்தை முறிப்பதைவிட, அதைச் சுரக்கவிடாமல் தடுப்பதே மேல் என்ற எண்ணத்தோடு, சுரப்பைத் தூண்டும் ஹிஸ்டமீனுக்கு எதிரியைத் தேடிப் புறப்பட்டவர் ஜேம்ஸ் பிளாக். இங்கிலாந்தில் வெல்வின் கார்டன் சிட்டியிலிருந்த ஸ்மித் க்ளைன் அண்ட் ஃப்ரெஞ்ச் நிறுவனத்தின் சோதனைச்சாலையில் அவரும் சகாக்களும் 1972-இல் அறிவித்த பியூரிமமைடு வாய்வழி கொடுத்தால் சரியாக உடலில் ஏறவில்லை. அடுத்து வந்த மெட்டியமைடு சிலருக்கு இரத்தத்தின் வெள்ளணுக்களைக் குறைத்தது. மூன்றாவதாகிய சிமெட்டிடின் 1976-இல் கடைக்கு வந்தது. உணவோடு மூன்று வேளை 200 மில்லிகிராம், படுக்கும்போது 400, ஆக நாளொன்றுக்கு ஒரு கிராம் என்பது பிரிட்டிஷ் பிரமாணம். அமெரிக்கர்களோ 300 மில்லிகிராம் மாத்திரையை நான்கு வேளை கொடுத்தார்கள். 1981-இல் வந்த ரானிடிடின் 150 மில்லிகிராமாக இரு வேளையோடு நின்றது. ஜப்பானில் பிறந்த ஃபாமோடிடினுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராமே போதுமானதாயிற்று. அட்டையில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து நாற்பதைவிட முந்நூறு வீரியமுள்ளது என்று எண்ணுவோர் இன்றும் உளர். ஒரே மருந்துக்குள்தான் அந்த எண்களை ஒப்பிடலாம், ஒன்றையொன்று சாராத இரு மருந்துகளுக்கிடையே அது பயன்படாது.

ஆனால் வடிவமே மருந்தின் ஜீவனாக அமைந்துவிட்டது ஸ்வீடன் தேசத்து ஒமெப்ரஸோல் விஷயத்தில்தான். அஸ்ட்ரா நிறுவனத்தின் கோதன்பர்க் பகுதி ஆராய்ச்சியாளர்கள் 1979-இல் ஆக்கிய இந்த மருந்து, அமிலத்தை வெளியே தள்ளும் புரோட்டான் பம்ப்பையே அடைப்பது. எனினும் அமிலம் பட்டால் தானே சிதைந்துபோவது. அமிலக் குளத்தைத் தாண்டிச் சிறுகுடலை அடைந்து, இரத்தத்தில் கலந்து, சுரப்பு அணுக்களை வந்தடைந்த பிறகே அது அமிலத்தில் விழித்தெழவேண்டும். ஆகவே மருந்தைச் சின்னஞ்சிறு மணிகளாக்கி, அமிலத்தில் கரையாத பூச்சிட்டார்கள். அங்கும் ஒரு சங்கடம்: அந்தப் பூச்சே சற்று அமிலத்தன்மையுடையதாகையால் மருந்தைத் தீண்டிக் கெடுத்தது. காரம் கலந்த உட்கரு, நடுவே நீரில் கரையும் மெல்லிய திரை, அதன்மேல் காப்புப் பூச்சு என்று மூன்று அடுக்காகச் செய்த பின்னரே, 1988-இல், 20 மில்லிகிராம் காப்ஸ்யூல் லோசெக் என்ற பெயரோடு வெளிவந்தது. அம்மணிகளை நசுக்கியோ மென்றோ உண்டால் அத்தனை உழைப்பும் வீண். இரத்தத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பாதியாகக் குறையும் மருந்து பம்ப்பை இறுகப் பற்றிக்கொள்வதால் பயன் ஒரு நாள் நீடிக்கிறது. உண்ணும்போதுதான் பம்ப்புகள் வேலையில் முனைவதால் சிற்றுண்டிக்கு அரைமணிக்கு முன்னதாகவே அதை உட்கொள்ளச் சொல்கிறார்கள்.

அமெரிக்காவில் அதே பெயர் வைத்தியர்களின் கையெழுத்தில் லாசிக்ஸ் என்னும் நீர்ப்போக்கு மருந்தாகத் தோன்றியதோடு, இரண்டிலும் 20 மில்லிகிராம் இருந்தது குழப்பத்தை வளர்த்ததால், 1990-இல் அங்கே பிரைலோசெக் ஆயிற்று. நம் நாட்டிலோ, மருந்துப் பொருளுக்கல்லாமல் செய்முறைக்கு மட்டுமே உரிமை வழங்கிய 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் நிழலில், வேறு வழியில் செய்த மலிவான மாத்திரைகள் எத்தனையோ பெயர்களில் பெருகின.

பூச்சின்றியே ஒமெப்ரஸோலைக் கொடுக்கும் மார்க்கமும் பின்னர் பிறந்தது: 2004-இல் அமெரிக்கா அனுமதித்த பொட்டலத்தில், அமிலத்தை அந்நேரத்துக்குத் தணித்து மருந்தைக் காக்கும்பொருட்டு 1,680 மில்லிகிராம் சோடா உப்பைச் சேர்த்தார்கள். 20 ஆயினும் 40 ஆயினும் அந்த உப்பின் அளவு ஒன்றே. ஆதலால் இரண்டு இருபதுகளைச் சேர்த்து ஒரு நாற்பதாக விழுங்கினால் உப்பு இரட்டித்துவிடும் என்று எச்சரிக்கைச் சீட்டில் எழுதியிருக்கிறார்கள்.