சோதோம் நகரும் பவுலின் சொல்லும்

ஒரு சமயநூலின் வரலாறு அந்நூல் எழுதி முடிக்கப்பட்ட நாளோடு நின்றுவிடுவதன்று. அதனைப் படித்தோர் அதற்குக் கண்ட பொருளும் அவ்வரலாற்றைச் சேர்ந்ததே. திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்ட மரபை அறிந்த தமிழ் மாணவர்க்கு இது புதிய செய்தியாகாது. ஆயினும், குறளுக்குக் கண்ட உரையால் எவரும் தூக்குமேடை ஏறியதாக நாம் கேட்டதில்லை. கிறித்தவ விவிலியத்தின் சில வரிகளுக்கோ அத்தகைய வரலாறும் உண்டு.

ஆணோடு ஆண் கூடுதலைப் பற்றிய செய்தியாகப் பெரிதும் எடுத்துக்காட்டப்பெறும் இடங்கள் அப்பெருநூலில் மிகச் சிலவே. பழைய ஏற்பாட்டில் ஆதியாகமம் கூறும் சோதோம் நகரின் கதையும், லேவியராகமத்தின் 18, 20ஆம் அதிகாரங்களில் வரும் இரு விலக்குகளும் உள்ளன. புதிய ஏற்பாட்டில் ரோமருக்கும் கொரிந்தியருக்கும் பவுல் எழுதிய நிருபங்களில் ஒவ்வோர் இடமும், தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் ஓரிடமும் உள்ளன. நற்செய்தி நூல்கள் நான்கிலும் இயேசு இதுபற்றி நேராக ஒன்றும் கூறியதாகக் காணவில்லை. அவர் பேசாமையே போதிய சான்று என்பர் ஒரு சாரார். ஆணும் பெண்ணுமாகப் படைக்கப்பட்டதைச் சுட்டி அவர் திருமணத்தைப் பற்றிப் பேசியிருக்க, வேறு விளக்கம் எதற்கு என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் விவிலியத்தைப் போற்றுவோரே என்பதை மறத்தல் கூடாது. நம்பிக்கையுடையார்க்கும் நம்பிக்கையற்றார்க்கும் இடையே நிகழும் வழக்காக இதனைக் கருதுவோர் பலர். அக்கருத்து வரலாற்றுக்குப் பொருந்துவதன்று.

சோதோமின் கதையை முதலில் காண்போம். லோத்து என்பான் வீட்டிற்கு வானதூதர் இருவர் விருந்தினராக வருகின்றனர். ஊரார் திரண்டு வந்து வீட்டைச் சூழ்ந்துகொண்டு, அவ்விருவரையும் தாம் ‘அறியும்படி’ வெளியே விடுமாறு கேட்கின்றனர். விருந்தினரைக் காக்க விரும்பிய லோத்து, அவர்களுக்குப் பதிலாகத் தன் பெண்மக்களைத் தருவதாகக் கூறுகின்றான். மறுநாள் நகரம் நெருப்புக்கு இரையாகின்றது. அந்நகர் செய்த குற்றம் யாது? இவ்வினாவுக்கு விவிலியமே ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைத் தருகின்றது. எசேக்கியேல் தீர்க்கதரிசியின் 16ஆம் அதிகாரம், செருக்கும் உணவு மிகுதியும் கவலையற்ற வாழ்வும் இருந்தும் ஏழைக்குக் கைகொடாமையே சோதோமின் குற்றம் என்கின்றது. ஆனால் அடுத்த வரியிலேயே அருவருப்பான செயல் ஒன்றையும் அது சுட்டுகின்றது. மத்தேயு நற்செய்தியில், தம் சீடரை ஏற்றுக்கொள்ளாத ஊர்களைப் பற்றிப் பேசுங்கால் இயேசு சோதோமை நினைவூட்டுகின்றார். யூதாவின் சிறு நிருபமோ முறைகேடான உடலிச்சையைப் பேசுகின்றது. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூத அறிஞர் பைலோ, ஆணோடு ஆண் கூடியதே அந்நகரின் குற்றம் என விரித்துரைத்தார். பின்வந்த கிறித்தவ உரைகாரருட் பலர் சென்ற வழியும் அதுவே.

உரை மெல்லச் சட்டமாயிற்று. பேரரசர் ஜஸ்டினியன் 559இல் வெளியிட்ட ஆணை, இத்தகைய செயல்களால் இறைவனின் சினம் நாட்டின்மீது வரும் என அஞ்சிச் சோதோமை எடுத்துக்காட்டிற்று. பதினோராம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் துறவி பீட்டர் டேமியன், திருத்தந்தை ஒன்பதாம் லியோவுக்கு முகவரியிட்டுக் கடுமையான நூல் ஒன்று எழுதினார். ஊரின் பெயர் குற்றத்தின் பெயராக நிலைபெற்றது அக்காலத்தில்தான். எசேக்கியேல் சுட்டிய செருக்கும் ஈயாமையும் அப்பெயரின் பொருளில் இடம்பெறவில்லை. ஊர்ப்பெயர் ஒரு செயலுக்கு ஆகிவரும்போது கதையின் ஏனைய பகுதிகள் உதிர்ந்துவிடுதல் இயல்பே. ஆகுபெயர் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனை எளிதில் உணர்வர்.

இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் காலத்தில், 1533இல், இச்செயலுக்கு உயிர்த்தண்டனை விதிக்கும் சட்டம் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பெருஞ்சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன், அத்தண்டனை தகும் என்பதற்கு வானிலிருந்து வந்த நெருப்பால் இரு நகரங்கள் அழிந்ததையே சான்றாக வைத்தார். இக்குற்றத்திற்காக இங்கிலாந்தில் இறுதியாகத் தூக்கிலிடப்பட்டோர் ஜேம்ஸ் பிராட், ஜான் ஸ்மித் என்னும் இரு எளியோர் ஆவர். 1835 நவம்பரில் இலண்டன் நியூகேட் சிறை வாயிலில் அது நிகழ்ந்தது. அவர்களை வழக்கு மன்றத்துக்கு அனுப்பிய நீதிபதியே பின்னர்த் தண்டனையைக் குறைக்குமாறு உள்துறை அமைச்சருக்கு எழுதினார். செல்வர்கள் தனியிடம் தேடிக்கொண்டு தப்புகின்றனர், வறியோரே அகப்படுகின்றனர் என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. அவ்வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. 1861இல் அங்கு உயிர்த்தண்டனை நீங்கிற்று. அதற்கு முந்திய ஆண்டே இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு இயற்றப்பட்டிருந்தது. அச்சட்டத்தைப் பின்பற்றிய தொகுப்பு 1870களில் நீரிணைக் குடியேற்றங்களுக்கும் வந்து சேர்ந்தது. 377ஏ என்னும் பிரிவு 1938இல் சேர்க்கப்பட்டது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022 நவம்பரில் அதனை நீக்கியது. திருமணத்தின் வரையறையை நாடாளுமன்றமே முடிவு செய்யும் வண்ணம் அரசியலமைப்பும் உடன் திருத்தப்பட்டது. மலேசியாவில் அக்குடியேற்றக்காலப் பிரிவின் வழிவந்த விதிகள் நீங்கவில்லை. பிளாக்ஸ்டோன் காட்டிய நெருப்பின் வெம்மை கடல் கடந்து இவ்வளவு தொலைவு வந்துள்ளது.

பழைய உரையை முறையாக மறுபார்வை செய்த முதல்வர்களுள் ஒருவர், இங்கிலாந்துத் திருச்சபையின் குருவான டெரிக் ஷெர்வின் பெய்லி. அவரது நூல் 1955இல் வெளிவந்தது. ‘அறிதல்’ எனப் பொருள்படும் ‘யாதா’ என்னும் எபிரேய வினைச்சொல் பழைய ஏற்பாட்டில் 900 முறைக்கு மேல் வருகின்றது என்றும், உடலுறவுப் பொருளில் வருவது மிகச் சில இடங்களிலேயே என்றும் அவர் கணக்கிட்டார். ஆகவே சோதோம் ஊரார் கேட்டது வந்தவர் யாரென்று அறிவதற்கே என்பது அவர் முடிபு. எண்ணிக்கை சரியானதே. எனினும், அதே கதையில், சில வரிகளுக்குள், தன் பெண்மக்கள் ஆடவரை ‘அறியாதவர்’ என்று லோத்து கூறுமிடத்தும் அவ்வினைச்சொல்லே நிற்கின்றது. அங்கே உடலுறவு என்னும் பொருளைத் தவிர வேறு பொருள் கொள்ள இயலாது. ஒரு சொல்லின் பொருளை நூல் முழுவதும் எண்ணிப் பார்த்து மட்டும் துணிதல் கூடாது, அண்டை வரியையும் பார்த்தல் வேண்டும் என்பதற்குப் பெய்லியின் வாதம் எடுத்துக்காட்டாயிற்று. பின்வந்த அறிஞர் பலர் அவ்வாதத்தைக் கைவிட்டனர். விருந்தினரை வன்முறையால் இழிவுபடுத்த முயன்ற கூட்டத்தின் கொடுமையே அக்கதை என்று அவர்கள் உரைத்தனர். ஒருவரையொருவர் விரும்பி வாழும் இருவரைப் பற்றி அக்கதை பேசவில்லை என்னும் அளவில் பெய்லி எழுப்பிய ஐயம் நிலைத்தது.

பெய்லியின் உழைப்பு நூலகத்தோடு நிற்கவில்லை. அவர் பங்கேற்ற திருச்சபைக் குழுவின் 1954ஆம் ஆண்டு அறிக்கையும், 1957இல் வெளிவந்த உல்ஃபென்டன் குழுவின் அறிக்கையும் சட்டத் திருத்தத்திற்கு வழி வகுத்தன. 1967இல் இங்கிலாந்தில் அச்சட்டம் தளர்த்தப்பட்டது. பிரபுக்கள் அவையில் அதனை ஆதரித்துப் பேசியவர்களுள் காண்டர்பரிப் பேராயர் மைக்கேல் ராம்சியும் ஒருவர். அச்செயல் பாவம் என்னும் தம் கொள்கையை அவர் விட்டாரல்லர். பாவங்கள் யாவும் அரசின் தண்டனைக்கு உரியன அல்ல என்பதே அவர் நிலை. உரை மாறாமலே சட்டம் மாறலாம் என்பதை அவர் காட்டினார். இதனை இரு தரப்பாரும் இன்று அடிக்கடி மறந்துவிடுகின்றனர்.

இனிப் பவுலின் சொல்லுக்கு வருவோம். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 6ஆம் அதிகாரத்தில், இறையாட்சிக்கு உரிமை பெறாதார் பட்டியலில், இரண்டு கிரேக்கச் சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. முதற்சொல் ‘மலகோய்’. அதன் நேர்ப்பொருள் மென்மையானவர் என்பதே. மெல்லிய ஆடையைக் குறிக்கவும் நற்செய்தியில் அச்சொல் வருகின்றது. இரண்டாவது ‘அர்செனோகொய்தாய்’. ஆண், படுக்கை என்னும் இரு சொற்களின் கூட்டு அது. பவுலுக்கு முற்பட்ட கிரேக்க நூல்களில் இச்சொல் கிடைக்கவில்லை. அவரே படைத்த தொகைச்சொல்லாகவும் இருக்கலாம்.

இத்தொகையை எவ்வாறு விரிப்பது? பழைய லத்தீன் மொழிபெயர்ப்பான வுல்காத்தா, ஆண்களோடு படுப்போர் எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. மார்ட்டின் லூத்தரின் செருமானிய மொழிபெயர்ப்போ சிறுவரைக் கெடுப்போர் எனப் பொருள்படும் சொல்லை இட்டது. இரண்டும் ஒன்றல்ல. தமிழின் நிலையும் சுவையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருப்பெற்றுத் தமிழ்ச் சபைகளில் இன்றும் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு, இரண்டாம் சொல்லை ‘ஆண்புணர்ச்சிக்காரர்’ என்கின்றது. முதற்சொல்லுக்கு அது தரும் பெயர் ‘சுயபுணர்ச்சிக்காரர்’ என்பதாகும். மென்மை என்பதைத் தன்னின்பமாகக் கொண்ட இடைக்கால இறையியல் மரபின் சுவடு இது. ஆங்கிலம் படிப்போர் பெண்தன்மையர் என்று படித்த இடத்தில் தமிழ் படிப்போர் வேறொரு குற்றத்தைப் படித்து வந்திருக்கின்றனர். ஒரே வரியைக் கையில் ஏந்திய இரு சபையார் அஞ்சிய பாவங்கள் வேறுவேறாயிருந்தன.

ஆங்கிலத்தில் 1946இல் வெளிவந்த திருத்திய செந்தர மொழிபெயர்ப்பின் புதிய ஏற்பாடு, இவ்விரு சொற்களையும் ஒன்றாக இணைத்து ‘ஹோமோசெக்ஷுவல்ஸ்’ என்று பெயர்த்தது. அச்சொல்லுக்கு அப்போது 77 வயதே ஆகியிருந்தது. பிரஷிய நாட்டுத் தண்டனைச் சட்டத்தை எதிர்த்து ஹங்கேரிய எழுத்தாளர் கெர்ட்பெனி 1869இல் வெளியிட்ட செருமானியத் துண்டுநூல்களில் அது முதன்முதலில் அச்சேறிற்று. அது செயலை மட்டுமன்றி மனிதரின் உள்ளீர்ப்பையும் குறிப்பது, ஆண்களையும் பெண்களையும் ஒருங்கே குறிப்பது. பவுலின் சொல்லோ ஆண்களை மட்டும், செயலைக் கொண்டு குறிப்பது. எச்செயலும் செய்யாது துறவு வாழ்வு வாழும் ஒருவரும் தம் இயல்பினாலேயே இறையாட்சியை இழந்தார் என்று அம்மொழிபெயர்ப்பு பொருள் தந்தது. அவ்வாறு கூறுதல் பழைய உரைகாரர் எவரும் கருதாத ஒன்று. 1959இல் இளம் இறையியல் மாணவர் ஒருவர், அச்சொல் மூலத்துக்குப் பொருந்தாது எனக் குழுத் தலைவர் லூதர் வைகிலுக்குக் கடிதம் எழுதினார். அறியாதார் கையில் அது பிறரைத் தாக்கும் கருவியாகும் எனவும் அவர் அஞ்சினார். வைகில் அக்கருத்தை மதித்து மறுமொழி விடுத்தார். 1971இல் வந்த இரண்டாம் பதிப்பில் அச்சொல் நீக்கப்பட்டு, முறைகெட்ட பாலுறவினர் எனப் பொருள்படும் தொடர் இடப்பட்டது. அதற்குள் கால் நூற்றாண்டு கழிந்திருந்தது. அச்சொல்லை ஏற்ற வேறு மொழிபெயர்ப்புகளும் தோன்றிவிட்டன.

ஏல் பல்கலைக்கழக வரலாற்றறிஞர் ஜான் பாஸ்வெல் 1980இல் வெளியிட்ட பெருநூல் இவ்வாராய்ச்சிக்குப் புதிய வேகம் தந்தது. அர்செனோகொய்தாய் என்பது ஆண் பரத்தையரைக் குறிக்கும் என்றார் அவர். 1984இல் டேவிட் ரைட் என்னும் அறிஞர் மறுப்பு எழுதினார். லேவியராகமத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில், 20ஆம் அதிகார விலக்கில், ஆண், படுக்கை எனப் பொருள்படும் அவ்விரு சொற்களும் அருகருகே நிற்பதை அவர் எடுத்துக் காட்டினார். பவுல் அவ்வரியை மனத்திற்கொண்டே தொகைச்சொல்லை அமைத்தார் என்னும் விளக்கம் வலுவுடையது. பாஸ்வெல் கண்ட பொருளை ஏற்பது அதன்பின் அரிதாயிற்று. ராபின் ஸ்க்ராக்ஸ் என்பவர் அக்காலக் கிரேக்க ரோமானிய உலகில் வழங்கிய, ஆடவர் சிறுவரைக் கூடும் வழக்கமே பவுலின் இலக்கு என 1983இல் எழுதினார். 2001இல் ராபர்ட் காக்னன் விரிவான நூலொன்றில் மரபுவழிப் பொருளை மீண்டும் நிலைநாட்ட முயன்றார். பெண்களைப் பற்றி வரும் இடம் ரோமர் நிருபத்தின் முதல் அதிகாரம் ஒன்றே. அதற்கும் அகுஸ்தினார் ஒருவாறும் கிறிசோஸ்தோம் வேறொருவாறும் பொருள் கண்டனர்.

சபைகளின் முடிபுகளும் பிரிந்தே நிற்கின்றன. ஆங்கிலிக்கன் ஆயர்களின் 1998ஆம் ஆண்டு லாம்பெத் மாநாடு, 526க்கு 70 என்னும் வாக்குகளால், இச்செயல் விவிலியத்துக்கு ஒவ்வாதது எனத் தீர்மானித்தது. அத்தீர்மானமே தன்பாலீர்ப்புடையோர் கூறுவதற்குச் செவிசாய்க்கவும் ஆயர்களைப் பணித்தது. அமெரிக்காவின் ஐக்கிய மெதடிஸ்டு சபை நெடுநாள் விலக்குகளை 2024இல் நீக்கியது. கத்தோலிக்கத் திருச்சபை அச்செயலை ஏற்காத போதனையை மாற்றாமலே, அத்தகைய இணையர்க்குக் குருவானவர் எளிய ஆசி வழங்கலாம் என 2023 டிசம்பரில் அறிவித்தது.

ஆராய்ச்சி முதிர முதிர, வழக்கின் இடமே மாறியிருப்பதைக் காணலாம். பவுலின் சொல்லுக்குப் பொருள் யாது என்பதில் முன்னிருந்த தூரம் இரு தரப்பாரிடையே குறைந்துள்ளது. அப்பொருளை இன்று எங்ஙனம் ஏற்பது என்பதில் தூரம் கூடியுள்ளது. கத்தோலிக்க அறிஞர் லூக் திமொத்தி ஜான்சன் 2007இல் எழுதிய கட்டுரையில், விவிலிய வரிகள் தெளிவாக விலக்கவே செய்கின்றன என ஒப்புக்கொண்டார். ஆயினும், மக்களின் வாழ்வில் இறைவன் செயற்படுவதைக் கண்டு அவ்வரிகளுக்கு அப்பால் செல்லுதல் தகும் என்றார். விருத்தசேதனம் செய்யாத பிற இனத்தாரைத் தொடக்கச் சபை ஏற்றுக்கொண்டதை அவர் முன்மாதிரியாகக் காட்டினார். அவ்வாறாயின் வேதத்துக்குரிய அதிகாரம் என்னாவது என்று மரபைப் பேணுவோர் கேட்கின்றனர். அக்கேள்வி எளிதில் தள்ளத்தக்கதன்று.

டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்ட் ஹேஸ் 1996இல் எழுதிய புதிய ஏற்பாட்டு அறநூல், மரபு நிலைக்கு மிகவும் மதிப்புள்ள சான்றாக விளங்கிற்று. அவரே 2024இல், பழைய ஏற்பாட்டு அறிஞரான தம் மகன் கிறிஸ்டோபரோடு சேர்ந்து எழுதிய நூலில், தன்பாலீர்ப்புடையோரைச் சபை முழுமையாக ஏற்கவேண்டும் என்றார். விவிலியம் முழுவதிலும் இறையிரக்கம் விரிந்துகொண்டே செல்கின்றது என்பது அந்நூலின் வாதம். தம் முந்தைய அதிகாரம் பலரைப் புண்படுத்தப் பயன்பட்டதற்கு அவர் வருந்தினார். மரபாளர் பலர் அந்நூலைக் கண்டித்தனர். வழக்குக்குரிய வரிகளை மீண்டும் ஆராயாமலே ஆசிரியர்கள் கடந்து சென்றுவிட்டனர் என்பது அவர்கள் கூறிய குறை. ஹேஸ் 2025 சனவரியில் மறைந்தார்.