பிடி அரிசியும் மகமையும்

"மனசைத் திடமா வச்சுக்குங்க"ன்னு ஆளாளுக்குப் புத்தகம் போடுறாங்க. காலையில அஞ்சு மணிக்கு எந்திரி, மூச்சை இழுத்து விடு, நல்லதையே நினை... எல்லாம் நல்ல விஷயம்தான், குறை சொல்லலை. ஆனா எங்க விருதுநகர்ப் பக்கத்துச் சரித்திரத்தைப் புரட்டினா, திடத்துக்கு வேற ஒரு வழியும் தெரியுது.

1899 ஜூன் 6. கோயில் நுழைவுத் தகராறு முற்றி, ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து சிவகாசியைத் தாக்கினார்கள். வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. அப்படி அடிவாங்கிய ஊரிலிருந்துதான் 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். இடையில் வெறும் 24 வருஷம். எப்படி எழுந்தார்கள்?

இதற்கு முக்கியமான ஒரு காரணம் மகமை என்பது என் கணிப்பு. வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒவ்வொருத்தரும் பொதுப்பணத்துக்கு ஒதுக்கணும். வசூலிப்பதும் கணக்கு பார்ப்பதும் உறவின்முறை. கிணறு, சத்திரம், பள்ளிக்கூடம், நொடிச்சுப் போனவனுக்குக் கைமாற்று எல்லாம் இப்படித் திரண்ட காசுதான். விருதுநகரில் (அப்போ விருதுபட்டி) 1889-ல் க்ஷத்திரிய வித்தியாசாலை வந்ததும் இந்த வழியில்தான். பள்ளிக்காக வீட்டுக்கு வீடு பிடி அரிசியும் வாங்கினார்கள். உலை வைக்குமுன் ஒரு பிடி தனியே. எங்க ஆச்சி கடைசி வரைக்கும் அதுக்குன்னு ஒரு சின்னப் பானை வச்சிருந்தாங்க. "நம்ம கஷ்டத்துலயும் அடுத்தவனுக்கு ஒரு பிடி இருக்குன்னு தெரிஞ்சா மனசு பயப்படாதுடா" என்பாங்க. இதைவிடப் பெரிய மனப்பயிற்சி இருக்கா, சொல்லுங்க :-)

அந்தப் பள்ளியில் படித்தவர்தான் காமராஜர். சின்ன வயசிலேயே அப்பாவை இழந்து, படிப்பைப் பாதியில் விட்டு, மாமா துணிக்கடைக்குப் போனவர். 1956-ல் முதலமைச்சராக அவர் மதிய உணவைக் கொண்டுவந்தபோது, அரசுப் பணத்தோடு ஊர்மக்களின் பங்கையும் கேட்டார். பிடி அரிசி ஞாபகம் வராமலா இருந்திருக்கும்னு எனக்குத் தோணும்.

சரி, இதையே சொல்லிப் பூரிச்சுட்டுப் போயிடலாம். ஆனா ஒரு விஷயம் உறுத்துது. மகமை ஒரு சாதிக்குள் கட்டின வேலி. உள்ளே இருந்தவனுக்கு அரண். வெளியே இருந்தவனுக்கு ஒண்ணும் இல்லை. இன்னைக்குப் பட்டாசு ஆலையில் மருந்து திணிக்கிற கைகள் பல சாதிக் கைகள், தினக்கூலிக் கைகள். அவங்களுக்கு எது மகமை?

அவங்க அன்றாடப் பயிற்சி வேற மாதிரி. பருத்தித் துணிதான் உடுத்தணும். வெறுங்காலோட உள்ளே போகணும். வாசல்ல செப்புத் தகட்டைத் தொட்டு உடம்புல இருக்கிற நிலைமின்சாரத்தைப் போக்கிக்கணும். மருந்து அறையில நாலு பேருக்கு மேல கூடாது. வெயில் ஏறுமுன் கலவை முடியணும். கவனம் சிதறாம இருப்பதைப் பத்தி யாரும் அவங்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. ஆனா ஒரு அறையில் ஒருத்தர் எவ்வளவு கவனமா இருந்தாலும், பக்கத்து அறையில் விதியை மீறினா? 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 40 பேர் அளவில் செத்தார்கள்; அதில் உதவிக்கு ஓடிவந்த அக்கம்பக்கத்து ஜனமும் உண்டு. பேரியம் தடையால் 2018 நவம்பரிலிருந்து சில மாதம் ஆலைகள் மூடிக் கிடந்தப்போ, தைரியம் சோறு போடலை.

அதனால மனத்திடம் வேணும், உடம்பு வேணும், எல்லாம் சரி. கூடவே ஒரு பொதுப்பானையும் வேணும், வேலி இல்லாத பானையா. எங்க முன்னோர் பாதி வேலையைத்தான் முடிச்சிருக்காங்க, மீதி நம்ம தலைமுறைக்கு.

உங்க ஊர்ப் பக்கம் மகமை, பிடி அரிசி மாதிரி வழக்கம் ஏதும் இருந்துச்சா? பெரியவங்களைக் கேட்டு எழுதுங்க மக்கா. சாதி பார்க்காம நடந்த கதை கிடைச்சா ரொம்ப சந்தோஷம்.