வெள்ளி என்னும் சொல்லும் நாணயமும்

மலாக்காத் தோட்டங்களில் கூலியையும் விலையையும் ‘வெள்ளி’ என்றே நாம் எண்ணி வந்தோம். அச்சொல்லே ஒரு வரலாற்றுச் சான்று. 19ஆம் நூற்றாண்டில் இந்நகர்ச் சந்தையில் மெக்சிகோவின் வெள்ளி நாணயம் பெரிதும் புழங்கியது. அதனோடு போட்டியிட, ஆசிய வாணிகத்திற்கெனவே அமெரிக்கா 1873இல் ஒரு நாணயம் அச்சிட்டது. அதன் எடை 27.2 கிராம், பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி.

சீன வணிகர் இந்நாணயங்களைச் சோதித்துத் தம் முத்திரையைக் குத்தினர். தரம் பிரிப்போர் பலர் அதனைக் குறையெனக் கொள்வர். நாமோ அது கைமாறிய வழியைச் சொல்லும் சான்று என்போம்.

1903இல் நீரிணைக் குடியேற்றங்களுக்குத் தனி வெள்ளி வந்தபின், பழைய நாணயங்கள் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டன. எஞ்சியவை சில நம் வீட்டுப் பெட்டிகளில் இருக்கலாம். மாணவர்களே, அவற்றைப் புளியிட்டுத் துலக்காதீர்கள். துலக்கிய நாணயம் மதிப்பை இழக்கும், சான்றையும் இழக்கும்.