இராமானுசர் கண்ட பேரெண்

கரைவலையிற் பட்ட மீனைப் பங்கிடும் உடப்பு மக்களுக்கு, மீதியின்றிப் பிரியும் தொகையின் அருமை சொல்லாமலே விளங்கும். 12ஐ 1, 2, 3, 4, 6, 12 என ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். அதனிற் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. இவ்வாறு தன்னிற் சிறியன யாவற்றையும் காரணித் தொகையில் வெல்லும் எண்களை ஆழ ஆராய்ந்தவர், கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசர்.

சென்னைத் துறைமுகத்தில் எழுதுவினைஞராயிருந்த அவர் 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார். 1915இல் இலண்டன் கணிதக் கழகம் அவரது நெடுங்கட்டுரையை வெளியிட்டது. கழகத்தின் பணமுடையால் நின்றுபோன பகுதி 1997இல் முறையாக அச்சேறியது. அக்கட்டுரைக்காகவே 1916இல் அவருக்குப் பட்டம் கிடைத்தது.

அதிலுள்ள அட்டவணை 6,746,328,388,800 என்னும் பேரெண்ணில் முடிகிறது. 2ஐ ஆறு முறையும், 3ஐ நான்கு முறையும், 5ஐயும் 7ஐயும் இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எடுத்துப் பெருக்கினால் அது வரும். ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்று கூட்டி, வருவனவற்றைப் பெருக்குக: 7×5×3×3×2×2×2×2×2. காரணிகள் 10,080!

கணிப்பொறி இல்லாக் காலத்தில் கையாற் போட்ட கணக்கு இது. எனினும் அட்டவணையில் ஓர் எண் விடுபட்டது. அது 293,318,625,600, காரணிகள் 5,040. அதனை 23ஆற் பெருக்கினால் மேற்சொன்ன இறுதி எண்ணே வரும்!

1920இல், 32 வயதில் மறைந்த அம்மேதையின் புகழ் இதனாற் குன்றவில்லை. ஆயினும் அவர் பட்டியலையும் பின்வந்தோர் சரிபார்த்தனர். வாலிபர்காள்! பெரியோரைப் போற்றுவோம், அவர் தந்த கணக்கையும் நாமே போட்டுப் பார்ப்போம்.