குழந்தைக்குரிய மருந்தளவு

நோயை மனிதன் வென்ற வரலாற்றிலே, மருந்தைக் கண்டவரை உலகம் போற்றும். அம்மருந்தை எவருக்கு எவ்வளவு கொடுப்பதென வரையறுத்தவரை நினைப்போர் சிலரே. ஆயினும், எச்.ஐ.வி. தொற்றிய குழந்தைகளுக்கு அந்த அளவே வாழ்வையும் சாவையும் பிரிக்கும் எல்லையாய் நின்றது.

1987 ஆம் ஆண்டில் சிடோவுடின் என்னும் மருந்தை வளர்ந்தோர்க்கு வழங்க ஐக்கிய அமெரிக்கா அனுமதித்தது. குழந்தைகளுக்கு அவ்வனுமதி கிட்டியது 1990 இலேயாகும். தாமதம் சிறிதன்று. ஆபிரிக்காவிலே தொற்றுடன் பிறந்து மருந்து பெறாத குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர் இரண்டு வயது நிறையுமுன் மாண்டனர்.

2001 ஆம் ஆண்டளவில், இந்தியாவின் சிப்லா நிறுவனம் மூன்று மருந்துகளை ஒரே குளிசையில் அடக்கி மலிவாக விற்க முன்வந்தது. அக்குளிசை வளர்ந்தோர்க்குரியது. குழந்தைகளுக்கான பாணி மருந்துகளோ விலை மிகுந்தவை. ஏழை நாடுகளில் எளிதிற் கிட்டாதவை. ஆதலின், பெரியோர் குளிசையைப் பாதியாகவும் காலாகவும் உடைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனர். உடல் கால்பங்காயின் மருந்தும் கால்பங்கு என்பது அன்றைய கணக்கு.

அக்கணக்குக்குக் குழந்தையின் உடல் இணங்கவில்லை. அம்மூன்றனுள் ஒன்றான நெவிரப்பீனைச் சிறு குழந்தையின் உடல், நிறைக்கேற்ப நோக்கின், பெரியோரைவிட விரைவாய் அகற்றிவிடும். குருதியில் மருந்து குறையின் கிருமி அழியாது. மருந்தை எதிர்த்து நிற்கவும் பழகிக்கொள்ளும்.

இக்குறையை நீக்கக் குழந்தைகளுக்கெனவே புதிய குளிசை ஆக்கப்பட்டது. பெரியோர் குளிசையில் ஸ்டவுடின் 30, லமிவுடின் 150, நெவிரப்பீன் 200 மில்லிகிராம். அவ்விகிதப்படி ஐந்திலொரு பங்கு எடுத்தால் 6, 30, 40 ஆதல் வேண்டும். புதிய குளிசையிலோ 6, 30, 50 என அமைத்தனர். சாம்பியாவின் தலைநகராகிய லுசாக்காவில், பல்கலைக்கழகப் போதனா வைத்தியசாலையில், 2006 இல் தொடங்கிய சாப்பாஸ் ஆய்வு, பிள்ளைகளின் குருதியை அளந்து, இவ்விகிதம் ஏற்றதெனக் காட்டியது. ஸ்டவுடின் பின்னர் அதன் நச்சுத்தன்மையாற் கைவிடப்பட்டது. ஆயின் கற்ற பாடம் நிலைத்தது.

அடுத்த பாடம் இதற்கு மாறானது. டொலுடெக்ராவிர் என்னும் புதிய மருந்தை உகண்டா, சிம்பாப்வே, தென்னாபிரிக்கா, தாய்லாந்து, ஐரோப்பிய நாடுகள் ஆகியவற்றில் ஒடிசி ஆய்வு சோதித்தது. 20 கிலோகிராமும் அதற்கு மேலும் நிறையுள்ள பிள்ளைக்குப் பெரியோரின் 50 மில்லிகிராம் குளிசையே பொருந்துமென அது கண்டது. அதனிலும் சிறியோர்க்காக, நீரிற் கரையும் 10 மில்லிகிராம் குளிசை 2020 இல் அமெரிக்காவின் தற்காலிக ஒப்புதல் பெற்றது.

இன்று குழந்தையைத் தராசிலிட்டு, அட்டவணையில் ஒரு வரியைப் பார்த்தால் அளவு தெரிந்துவிடும். அவ்வொரு வரியை எழுத முப்பது ஆண்டுகள் சென்றன. குழந்தை என்பது பெரியவரின் சிறிய பங்கன்று என்பதை மருத்துவ உலகம் அறிந்துகொள்ளக் கொடுத்த விலை அது.